உகைர் முதல் புரைமி வரை: கோத்திர விசுவாசம் எல்லைக்கோட்டின் சாட்சியான கதை

தென்கடல் எழுதியது:

1922-ஆம் ஆண்டின் இறுதியில், வளைகுடாக் கரையிலுள்ள உகைர் என்னும் சிறு துறையில் கூடாரம் அடித்து ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. இராக்கில் பிரிட்டனின் உயர் ஆணையராக இருந்த சர் பெர்சி காக்ஸ், நடு அரேபியாவின் நஜ்துக்கு அதிபரும் பின்னாளில் சவூதி அரேபியாவின் அரசருமான இப்னு சவூத், இராக் அரசின் பிரதிநிதி ஆகியோர் கூடியிருந்தனர். குவைத்தின் சார்பில் பேசுவதற்கு அங்கிருந்த பிரிட்டிஷ் அரசியல் முகவரே வந்திருந்தார். இப்னு சவூத் முன்வைத்த வாதம் எளிமையானது. எந்தக் கோத்திரம் எந்த அதிபருக்கு விசுவாசமாக இருக்கிறதோ, அந்தக் கோத்திரத்தின் ஒட்டகங்கள் மேயும் நிலமும் தண்ணீர் குடிக்கும் கிணறுகளும் அந்த அதிபருக்கே உரியவை என்றார் அவர். அதே ஆண்டு மே மாதத்தில் கையெழுத்தான முஹம்மரா உடன்படிக்கையும் ஏறத்தாழ இந்த வழியில்தான் சென்றது. முன்தஃபிக், தஃபீர், அமாராத் கோத்திரங்கள் இராக்குக்கு, ஷம்மர்களில் நஜ்தைச் சேர்ந்தவர்கள் நஜ்துக்கு என்று அது மக்களைப் பங்கிட்டது. அந்தப் பங்கீட்டை இப்னு சவூத் ஏற்கவில்லை. உகைரில் பல நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு பொறுமையிழந்த காக்ஸ், சிவப்புப் பென்சிலை எடுத்து வரைபடத்தில் தானே கோடு போட்டார் என்று உடனிருந்த ஹரால்ட் டிக்சன் பதிவு செய்திருக்கிறார். 1913-ஆம் ஆண்டின் ஆங்கிலேய உதுமானிய ஒப்பந்தத்தில் குவைத்துக்குக் காட்டப்பட்டிருந்த நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கோட்டுக்கு அப்பால் போயிற்று. மேய்ச்சல் தடைபடாமல் இருக்க இரண்டு நடுநிலைப் பகுதிகள் விடப்பட்டன.

இதை இங்கே எடுத்துவைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1954-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று, அபுதாபியும் ஓமானும் சந்திக்கும் இடத்திலுள்ள புரைமிச் சோலை பற்றிய வழக்கை நடுவர் மன்றத்துக்கு அனுப்ப, அபுதாபி, மஸ்கட் ஆட்சியாளர்களின் சார்பில் பிரிட்டனும், மறுபக்கம் சவூதி அரேபியாவும் ஒப்புக்கொண்டன. மன்றம் எவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அந்த உடன்பாடே வரிசைப்படுத்துகிறது. வரலாற்று உண்மைகள், அங்கு வாழ்பவர்களின் மரபுவழி விசுவாசம், கோத்திர அமைப்பும் வாழ்க்கை முறையும், அதிகாரம் செலுத்தப்பட்ட விதம் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. உகைரில் கோத்திர எல்லை என்ற கருத்தையே தள்ளிவைத்துவிட்டுப் பென்சிலை எடுத்த அதே பிரிட்டன், முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கோத்திர விசுவாசத்தை எல்லையின் சான்றாக ஏற்றுக்கொண்டது ஏன்?

என் விடையைச் சொல்கிறேன். இடையில் எண்ணெய் வந்தது. 1933 மே 29 அன்று கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் சவூதி அரசுடன் செய்த உரிம ஒப்பந்தம், தஹ்னா மணல்வெளியின் மேற்கு விளிம்பிலிருந்து நாட்டின் கிழக்கு எல்லை வரையிலான நிலத்தை அந்நிறுவனத்துக்கு அளித்தது. ஆனால் அந்தக் கிழக்கு எல்லை எங்கே இருக்கிறது என்று ஒப்பந்தத்தில் இல்லை. எல்லை கிழக்கே நகர நகர உரிமமும் நகரும். வேறு சான்று இல்லாத பாலையில், எல்லையை நகர்த்தக்கூடிய ஒரே கருவி மனிதர்களின் விசுவாசம்தான். விசுவாசம் சான்றாக மாறிய நாள்முதல் அதற்கு விலையும் வந்துவிட்டது என்பதே என் கருத்து. நண்பர்கள் மறுக்கலாம், திருத்தலாம்.

காயல்வாசி எழுதியது:

தென்கடல் அவர்களே, நல்ல இழையைத் தொடங்கியிருக்கிறீர்கள். விசுவாசம் என்று பொதுவாகச் சொல்வதைவிட, புரைமி வழக்கின் நடுவில் இருந்த ஒன்றை எடுத்துப் பேசுவது பயன் தரும். அது ஜகாத், அதாவது இஸ்லாம் கடமையாக்கிய ஆண்டுக் கொடை.

சவூதித் தரப்பு தன் மனுவில் மிகுதியாக நம்பியது ஜகாத் கணக்குகளைத்தான். ஒட்டக ஜகாத்தின் விதி எல்லோருக்கும் தெரிந்ததே. ஐந்து ஒட்டகங்களுக்கு ஓர் ஆடு, இருபத்தைந்து ஆனதும் ஒரு வயது நிறைந்த ஒரு பெண் ஒட்டகம் என்று அது ஏறிக்கொண்டே போகும். கோடையில் மந்தைகள் கிணறுகளை விட்டு நகர முடியாது. வசூலிக்கப் போகிறவர்கள் அந்தப் பருவத்தில் கிணற்றடிக்கே வந்துவிட்டால் மந்தையை எண்ணிவிடலாம். கொடுப்பவருக்கு அது மார்க்கக் கடமை, வாங்குபவருக்கு அது தன் ஆணை அங்கு செல்லுகிறது என்பதற்கு அடையாளம். சவூதி வழக்கறிஞர்கள் இந்த இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டு, யார் ஜகாத் கொடுத்தாரோ அவர் சவூதிக் குடி, அவர் நின்ற நிலம் சவூதி நிலம் என்று வாதிட்டார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், மனாசீர் போன்ற ஒரு கோத்திரத்தை இந்த அளவுகோலில் எங்கே வைப்பது? அவர்களுடைய மேய்ச்சல் கத்தார் தொடங்கி அபுதாபியின் மேற்கிலுள்ள ழஃப்ரா வழியாகப் புரைமியின் அருகாமை வரை பரந்திருந்தது. மழை எங்கே பெய்ததோ அங்கே போனார்கள். ஒரு பருவத்தில் சவூதியின் கிழக்குப் பகுதியான ஹஸாவின் ஆளுநருடைய ஆட்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களிடம் கொடுப்பார்கள், மறு பருவத்தில் அபுதாபி ஷேக்கின் பக்கம் நிற்பார்கள். இரண்டுமே பொய்யான செயல் அல்ல. பாதுகாப்பும் மேய்ச்சலும் எவர் நிழலில் கிடைத்தனவோ அவருக்கு அந்தப் பருவத்தின் மரியாதையைச் செலுத்தினார்கள். ஒரு நாட்டின் மேய்ச்சல் நிலத்துக்குள் இருந்தபோது செலுத்திய ஜகாத், அந்தக் கோத்திரம் பிற்பாடு திரும்பிப் போகும் ஊரின் மீது உரிமை தராது என்று பிரிட்டிஷ் தரப்பு பதில் சொன்னது. அந்தப் பதில் சட்டப்படி வலுவானது என்றே நினைக்கிறேன். ஆனால் அதே பிரிட்டிஷ் தரப்பு, ழவாஹிர்களும் பனீ யாஸ்களும் அபுதாபி ஷேக்கின் சொல்லைக் கேட்பவர்கள் என்பதைத் தன் பக்கத்துச் சான்றாக வைக்கத் தயங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சவூதி மனுவுக்கான கோத்திர வரலாறு, ஊர்ப் பெயர்கள், வசூல் விவரங்கள் ஆகியவற்றைத் திரட்டியதில் அந்த 1933 உரிமத்தை நடத்திய அராம்கோ நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜார்ஜ் ரென்ட்ஸ் என்ற தேர்ந்த அரபு அறிஞர் அதன் தலைவராக இருந்தார். அவருடைய புலமையை நான் மதிக்கிறேன். ஆனால் ஓர் எண்ணெய் நிறுவனம் தன் உரிமத்தின் பரப்பை நிறுவுவதற்காகக் கோத்திரங்களின் வம்சாவளியை எழுதுவித்தது என்பதை நினைக்கும்போது, அந்தப் பக்கங்களை வெறும் வரலாறாக மட்டும் படிக்க முடிவதில்லை.

வைகைக்கரை எழுதியது:

இருவர் எழுதியதையும் படித்தேன். சவூதி உரிமைக்கோரிக்கை முழுவதும் எண்ணெய்க்காக 1949-இல் புனையப்பட்டது போன்ற தோற்றம் இந்த இழையில் உருவாகிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சவூதி அரசமரபின் வஹ்ஹாபிப் படைகள் புரைமிக்கு முதன்முதலில் வந்தது 1800-ஆம் ஆண்டில். அப்போது அங்கே எண்ணெய் பற்றிய பேச்சே இல்லை. அதன்பின் இடைவெளிகளோடு பலமுறை அவர்கள் அங்கே கோட்டை வைத்திருந்தார்கள். 1869-இல் மஸ்கட்டின் இமாம் அஸ்ஸான் பின் கைஸ் அவர்களை வெளியேற்றினார். எழுபது ஆண்டுக் காலத்துத் தொடர்பு ஒரு கோரிக்கைக்கு அடிப்படையாகாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 1869-க்குப் பிறகு எண்பது ஆண்டுகள் அவர்கள் அங்கே இல்லை என்பதும் உண்மை. எதற்கு எவ்வளவு எடை என்று தீர்ப்பதற்குத்தான் நடுவர் மன்றம்.

பிரிட்டன் வைத்த வாதத்தின் அடிப்படையையும் பாருங்கள். 1934-இல் எல்லை எது என்ற கேள்வி எழுந்தபோது, 1913-இல் உதுமானியர்களுடன் வரைந்த நீலக்கோடுதான் இப்னு சவூதின் கிழக்கு எல்லை என்று பிரிட்டன் சொன்னது. அந்த 1913 ஒப்பந்தம் ஒருபோதும் உறுதிசெய்யப்படவில்லை. 1914-இல் உறுதிசெய்யப்பட்ட வேறோர் ஒப்பந்தத்தில் அந்தக் கோடு குறிப்பிடப்பட்டிருக்கிறது என்ற நூலிழையைப் பிடித்துக்கொண்டு வாதம் செய்தார்கள். அதற்கெல்லாம் முன்பே, 1913 மே மாதத்திலேயே, ஹஸாவை உதுமானியர்களிடமிருந்து இப்னு சவூத் கைப்பற்றிவிட்டார். தான் வென்றெடுத்த நிலத்தின் எல்லையை, அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் தனக்குத் தெரியாமல் லண்டனில் கையெழுத்திட்டு முடிவு செய்ததை அவர் ஏன் ஏற்க வேண்டும்? 1935 ஏப்ரலில் ஃபுவாத் ஹம்ஸா ஒரு கோட்டை முன்வைத்தார். நவம்பரில் சர் ஆண்ட்ரூ ரயன் ரியாத்துக்குப் போய் வேறொரு கோட்டை வைத்தார். இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளி அன்றைக்கே மூடக்கூடியதாகத்தான் இருந்தது. மூடவில்லை. 1949 அக்டோபரில் சவூதி அரசு வைத்த கோரிக்கை, 1935-இல் தானே முன்வைத்த கோட்டைத் தாண்டி வெகுதூரம் கிழக்கே சென்றது என்பதை மறைக்க மாட்டேன். அந்த விரிவுக்கு அராம்கோவின் கணக்கு காரணமில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பக்கம் கோரிக்கை, மறுபக்கம் நியாயம் என்று இதைப் பிரித்துவிடக் கூடாது.

நடுவர் மன்றம் எப்படி முடிந்தது என்பதும் நினைவில் இருக்கட்டும். 1955 செப்டம்பரில் ஜெனீவாவில் பிரிட்டன் சார்பு உறுப்பினரான சர் ரீடர் புல்லர்ட் விலகினார். சவூதி உறுப்பினர் யூசுஃப் யாசீன் நடுவராக இல்லாமல் தன் நாட்டு வழக்கை நடத்துபவராகவே செயல்படுகிறார் என்பது அவர் சொன்ன காரணம். கோத்திரத் தலைவர்களுக்கு சவூதிப் பணம் கொடுக்கப்பட்டது என்றும் பிரிட்டன் குற்றம் சாட்டியது. அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருந்தது என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் மன்றம் புதிய உறுப்பினர்களோடு தொடர்ந்திருக்கலாம். பிரிட்டன் அக்டோபர் 26 அன்று இன்றைய அமீரகக் கரையில் தான் அமைத்திருந்த ட்ரூஷியல் ஓமன் படையை அனுப்பிப் புரைமியைக் கைப்பற்றிக்கொண்டது. வழக்கு நடுவில் இருக்கும்போது வழக்குக்குரிய சொத்தைப் படைபலத்தால் எடுத்துக்கொண்டவர், எதிராளி சாட்சியைக் கலைத்தார் என்று சொல்வதில் ஒரு தார்மீக நிறைவு எனக்குக் கிடைக்கவில்லை.

நெடுவழி எழுதியது:

நான் வரலாறு படித்தவன் அல்லன். ஓமானில் எண்ணெய் வயல்களில் பல ஆண்டுகள் பணிபுரிந்தவன். புரைமியை மட்டும் பார்த்தால் கதையின் பாதி விடுபட்டுவிடும் என்பதால் ஃபஹூத் பற்றி எழுதுகிறேன்.

இப்ரியிலிருந்து தெற்கே போனால், சரளைக்கல் சமவெளியின் நடுவே ஜபல் ஃபஹூத் எழும்பி நிற்கும். நீள்வட்டமான ஒரு மலைவளையம், நடுவில் குடைந்தெடுத்ததுபோல் பள்ளம். அடுக்கடுக்கான சுண்ணாம்புப் பாறைகள் இரு பக்கமும் வெளிப்புறமாகச் சரிந்திருப்பதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். நிலவியல் அறிந்த எவருக்கும் அது மேல்வளைந்த மடிப்பு என்று பார்த்தவுடன் விளங்கிவிடும். எண்ணெய் தங்குவதற்கு ஏற்ற அமைப்புகளுக்குப் பாடப்புத்தகம் தரும் உதாரணம் அது. விமானத்திலிருந்து அதைப் பார்த்த நிறுவன நிலவியலாளர்களுக்கு அதன்பின் உறக்கம் இருந்திருக்காது.

ஆனால் அங்கே போவதற்கு வழி இல்லை. 1937-இல் சுல்தான் சயீத் பின் தைமூர், இராக் பெட்ரோலியம் குழுமத்துக்கு 75 ஆண்டு உரிமம் கொடுத்திருந்தார். கொடுத்தவரின் சொல் உள்நாட்டில் செல்லாது. 1920-இல் சீப் என்னும் இடத்தில் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, உள்நாட்டுக் கோத்திரங்களின் விவகாரத்தில் சுல்தான் தலையிடுவதில்லை, அவர்களும் கடற்கரையைத் தாக்குவதில்லை. உள்நாட்டில் நிஸ்வாவை மையமாகக் கொண்டு இபாழி என்னும் இஸ்லாமியப் பிரிவின் இமாமுடைய ஆட்சி நடந்தது. ஃபஹூதைச் சுற்றியுள்ள நிலம் துரூ கோத்திரத்தாருடையது. அவர்கள் ஒட்டகம் வளர்ப்பவர்கள். ஆனால் இப்ரிக்கு அருகே தன்அம் என்ற ஊரில் அவர்களுக்குப் பேரீச்சந்தோப்புகள் உண்டு. கோடையில் அறுவடைக்கு அங்கே போய்த்தான் ஆக வேண்டும். இப்ரி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் துரூக்களின் ஆண்டுச் சாப்பாடு இருந்தது என்பதே இதன் பொருள். அவர்களுடைய விசுவாசம் யாருக்கு என்று கேட்கும்போது இந்தப் பேரீச்சை மரங்களைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் எவரும் விடை சொல்ல முடியாது.

1954 பிப்ரவரியில் நிறுவனத்தின் குழு தெற்கே துக்ம் கடற்கரையில் இறங்கியது. உடன் வந்தது மஸ்கட் ஓமன் களப்படை. பெயர் சுல்தானுடையது, செலவு நிறுவனத்துடையது. அந்த ஆண்டு மே மாதம் முதிய இமாம் முஹம்மது அல் கலீலி மறைந்து, காலிப் பின் அலி இமாமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். துரூ தலைவர்களில் சிலர் நிறுவனத்தோடு உடன்பட்டனர். மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அக்டோபரில் வண்டிகள் ஃபஹூதை அடைந்தன. அடைந்த சில நாட்களுக்குள் படை இப்ரியையும் பிடித்துக்கொண்டது. அடுத்த ஆண்டு அக்டோபரில் புரைமி, டிசம்பரில் நிஸ்வா. எண்ணெய்க்கான பாதை ஒன்று திறந்து, அதன் வழியே ஓர் ஆட்சி முடிவுக்கு வந்தது. 1957-இல் இமாமின் தரப்பு மீண்டும் எழுந்தது. 1959 ஜனவரியில் ஜபல் அக்தர் மலை மீது பிரிட்டிஷ் சிறப்புப் படை ஏறும் வரை போர் நீண்டது.

இத்தனைக்கும் பிறகு, 1956-இல் தோண்டத் தொடங்கிய ஃபஹூத் முதல் கிணற்றில் எண்ணெய் கிடைக்கவில்லை. அந்த மடிப்பின் நடுவே ஒரு பெரும் பிளவு ஓடுகிறது. பாறை அடுக்குகள் அதன் இரு பக்கமும் வெவ்வேறு ஆழத்தில் இருக்கின்றன. துளை விழுந்தது பிளவின் தவறான பக்கத்தில். எண்ணெய் சில நூறு மீட்டர் தள்ளி இருந்தது. மேலும் சில கிணறுகள் வறண்ட பின், 1960-இல் பங்காளிகளில் பெரும்பாலோர் விலகினர். ஷெல்லும் குல்பெங்கியனின் நிறுவனமும் மட்டும் மிஞ்சின. 1962-இல் யிபாலிலும் 1964-இல் ஃபஹூதிலும் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 1967-இல் ஏற்றுமதி தொடங்கியது. ஒரு கோத்திரத்தையே இரண்டாகப் பிளந்து, ஓர் இமாமின் ஆட்சியை அகற்றிவிட்டு அடைந்த இடத்தில் பத்தாண்டுக் காலம் எதுவும் கிடைக்கவில்லை என்பதை அந்த மலையடிவாரத்தில் நின்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். மனம் கனத்துப் போகும்.

கல்வெட்டு எழுதியது:

நெடுவழி ஐயாவின் பதிவு அருமை. நான் சேர்க்க விரும்புவது நிர்வாகத்தைப் பற்றியது. நம் நாட்டோடு உண்மையான தொடர்புள்ள பகுதியும் அதுதான்.

வளைகுடாவில் பிரிட்டன் என்று நாம் எழுதும்போது, 1947 வரை அங்கே நடைமுறையில் இருந்தது பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்திய அரசு. ஈரான் கரையின் புஷயரில் இருந்த தலைமை அதிகாரியான அரசியல் ரெசிடென்டும் குவைத், பஹ்ரைன், மஸ்கட் ஆகிய இடங்களில் இருந்த முகவர்களும் இந்திய அரசியல் பணித்துறையைச் சேர்ந்தவர்கள். இந்திய சமஸ்தானங்களில் கற்ற பழக்கத்தையே அங்கும் கொண்டுபோனார்கள். ஆட்சியாளருக்கு பீரங்கி மரியாதை உண்டு, உள்விவகாரத்தில் தலையீடு குறைவு, வெளியுறவு மட்டும் முழுமையாகத் தங்கள் கையில். 1820-இல் கடல் உடன்படிக்கை, 1853-இல் நிரந்தரக் கடல் சமாதானம், 1892-இல் பிற அரசுகளோடு எந்த உறவும் வைத்துக்கொள்வதில்லை என்ற உறுதிமொழி என்று படிப்படியாக இறுகிய முடிச்சு அது. கடைவீதியில் செல்லுபடியானதும் இந்திய ரூபாயே. இந்தியா விடுதலை பெற்ற பின்னும் அது நீடித்தது. 1959-இல் வளைகுடாவுக்கென்று தனி ரூபாய்த் தாள் அச்சிடும் நிலை வந்தது.

எண்ணெய் விஷயத்திலும் இதே முறைதான். 1913-இல் குவைத், 1914-இல் பஹ்ரைன், 1922-இல் ட்ரூஷியல் கரையின் ஷேக்குகள், 1923-இல் மஸ்கட் என்று ஒவ்வொருவரிடமிருந்தும் எழுத்து வாங்கினார்கள். தங்கள் நிலத்தில் எண்ணெய் இருந்தால், பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொள்ளும் ஆளைத் தவிர வேறு யாருக்கும் உரிமம் தருவதில்லை என்பது அதன் சாரம். கரையோரத்தில் இந்த முடிச்சு இருந்தது. நஜ்திலும் ஹஸாவிலும் இல்லை. 1927-ஆம் ஆண்டின் ஜித்தா உடன்படிக்கை, இப்னு சவூதை முழு விடுதலை பெற்ற அரசராக ஏற்றது. ஆகவேதான் 1933-இல் அவர் அமெரிக்கர்களைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. இராக் பெட்ரோலியம் கம்பெனியின் பிரதிநிதி லாங்ரிக் தங்கப் பவுன்களை அள்ளிக்கொடுக்கத் தயாராக இல்லை. அமெரிக்கர்கள் 35,000 தங்கப் பவுன்களை ஜித்தாவில் எண்ணி வைத்தார்கள். பஹ்ரைனில் 1932-இல் எண்ணெய் கிடைத்தது அவர்களுக்கு நம்பிக்கை தந்திருந்தது. சவூதியில் தம்மாம் ஏழாம் கிணறு 1938 மார்ச்சில் எண்ணெய் தந்தது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது, புரைமியில் மோதியவை இரண்டு கோத்திரக் கூட்டணிகள் மட்டுமல்ல. மேற்கில் அமெரிக்க உரிமம், கிழக்கில் 1939 ஜனவரியில் அபுதாபியின் ஷேக் ஷக்பூத் 75 ஆண்டுகளுக்குக் கையெழுத்திட்ட பிரிட்டிஷ் தலைமையிலான உரிமம். இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில் நயீம், ஆல் பூ ஷாமிஸ், பனீ காப், ழவாஹிர் ஆகியோரின் வீடுகள் இருந்தன.

காயல்வாசி எழுதியது:

கல்வெட்டு அவர்கள் சொல்வது சரிதான். ஆயினும் இந்தக் கோத்திரத் தலைவர்களை இரு யானைகளின் காலடியில் கிடந்த புல்லாக மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 1952 ஆகஸ்டு இறுதியில் சவூதி அதிகாரி துர்க்கி பின் உதைஷான் ஆயுதமேந்திய சிறு குழுவோடு புரைமிச் சோலையின் ஹமாசா கிராமத்துக்குள் வந்தபோது, அவரை வரவேற்றவர் ஆல் பூ ஷாமிஸ் தலைவர் ராஷித் பின் ஹமத். அழைக்காத வீட்டுக்குள் துர்க்கி வரவில்லை. நயீம் தலைவர்களுக்கு ஒருபுறம் அபுதாபியின் வளர்ச்சி குறித்து அச்சம், மறுபுறம் மஸ்கட் சுல்தானின் மீது நம்பிக்கையின்மை. தொலைவில் இருக்கும் வலிய அரசனின் நட்பு, அருகில் இருக்கும் பங்காளியின் பிடியிலிருந்து காப்பாற்றும் என்று கணக்கிட்டார்கள். நியாயமான கணக்குதான். துர்க்கி விருந்து வைத்தார், துணியும் பணமும் கொடுத்தார், விசுவாச ஒப்பங்களைத் திரட்டினார். ஒப்பமிட்டவர்களில் பலர் அதற்கு முன்னும் பலரிடம் பரிசு பெற்றவர்களே. பரிசு வாங்குவது அடிமை முறி எழுதிக்கொடுப்பதாகும் என்று அவர்களுடைய மரபில் இல்லை. ஜெனீவாவில் அதை அப்படித்தான் வாசித்தார்கள்.

சோலையின் மறுபக்கத்தில் அபுதாபி ஷேக் ஷக்பூத்தின் தம்பி ஜாயித் பின் சுல்தான் இருந்தார். 1946 முதல் அல் ஐன் பகுதியின் ஆளுநர். பெருந்தொகை தருவதாக சவூதித் தரப்பிலிருந்து தூது வந்ததாகவும் அவர் மறுத்ததாகவும் பிரிட்டிஷ் தரப்பு மன்றத்தில் சொன்னது. அவருக்கு மக்கள் கொடுத்த விசுவாசத்துக்கு எனக்குத் தெரிந்த காரணம் வேறு. மலையடிவாரத்திலிருந்து நிலத்தடிச் சுரங்கம் வழியாகத் தண்ணீர் கொண்டுவரும் ஃபலஜ் கால்வாய்களை அவர் தூர்வாரினார், புதிதாக ஒன்றை வெட்டினார், தண்ணீர் முறையை ஏழைத் தோட்டக்காரனுக்கும் எட்டும்படி மாற்றினார். பேரீச்சை வேரில் தண்ணீர் விட்டவரை மக்கள் விட்டுப் போகவில்லை.

தென்கடல் எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. வைகைக்கரை அவர்கள் சொன்ன 1869-க்கு முந்தைய வரலாற்றை நான் மறுக்கவில்லை. காயல்வாசி சொன்னது என் கருத்தைக் கூர்மையாக்குகிறது. விசுவாசத்துக்கு விலை வந்துவிட்டது என்று எழுதியபோது, விற்றவர்கள் என்று யாரையும் குற்றம் சொல்ல நான் எண்ணவில்லை. அதற்கு முன்பு அவர்கள் செய்துகொண்டிருந்த அதே செயலை, ஒரு மன்றத்தின் கேள்வித்தாள் விற்பனையாக மாற்றிவிட்டது.

விசுவாசம் இயல்பாக எப்படி இயங்கியது என்பதற்கு 1952 அக்டோபர் ஒரு நல்ல சான்று. துர்க்கி ஹமாசாவில் அமர்ந்த செய்தி பரவியதும், சுல்தான் சயீத் சோஹாரில் கோத்திரப் படைகளைத் திரட்டினார். பல ஆயிரம் பேர் கூடினார்கள். வியப்பு என்னவென்றால், சுல்தானோடு முப்பது ஆண்டுகளாக ஒட்டாமல் இருந்த இமாம் முஹம்மது அல் கலீலியும் தன் ஆட்களை அனுப்ப முன்வந்தார். வஹ்ஹாபிகள் ஓமானுக்குள் கால் வைப்பது இபாழி மரபில் வந்த அவருக்குப் பொறுக்கவில்லை. அந்த ஒரு கணத்தில் கடற்கரையும் உள்நாடும் ஒரே பக்கம் நின்றன. அப்போது பிரிட்டிஷ் தூதர் சான்சி, படையை நிறுத்தச் சொல்லும் செய்தியோடு சோஹாருக்கு வந்தார். வாஷிங்டனோடு உறவு கெட்டுவிடக் கூடாது, பேச்சுவார்த்தையில் தீர்க்கலாம் என்பது லண்டனின் எண்ணம். சுல்தான் கூடியிருந்தவர்களைக் கலைந்துபோகச் சொன்னார். தாமாக வந்து நின்ற ஆயிரக்கணக்கானோரைக் காட்டிலும் மறுக்க முடியாத சான்று எந்த மனுவில் இருந்திருக்க முடியும்? அதை அனுப்பிவிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து விசுவாசத்துக்கு ஆவணம் தேடினார்கள். எனக்கு இந்த இடம்தான் முழு விவகாரத்திலும் மிகுந்த வேதனை தருகிறது. அன்று கூடிய ஒற்றுமை திரும்ப வரவில்லை. மூன்றே ஆண்டுகளில் சுல்தானின் படை, இமாமின் நிஸ்வாவுக்குள் நுழைந்தது.

வைகைக்கரை எழுதியது:

சோஹார் நிகழ்வு பற்றித் தங்கள் மதிப்பீட்டை ஏற்கிறேன். ஒரு சிறு மாற்றுக்கருத்து மட்டும். படை போயிருந்தால் புரைமியில் ரத்தம் சிந்தியிருக்கும். ஹமாசாவில் இருந்த பெண்களும் குழந்தைகளும் ஆல் பூ ஷாமிஸ் குடும்பத்தினர். சுல்தானின் படையில் வந்தவர்களில் பலருக்கு அவர்களோடு பழைய பகை உண்டு. நிறுத்தியவரின் நோக்கம் தன்னலமாக இருந்தாலும், நின்றதால் சில உயிர்கள் தப்பியிருக்கக் கூடும். 1955-இல் தோற்ற ஷேக்குகள் குடும்பத்தோடு சவூதியில் தஞ்சம் புகுந்தார்கள். அந்த இடப்பெயர்வைப் பற்றி எழுதுவோர் குறைவு.

நெடுவழி எழுதியது:

இழையில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எல்லை கடைசியில் எப்படி முடிவானது என்பது.

1971-இல் பிரிட்டன் வெளியேறியது, ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது. சவூதி அரேபியா அதனுடன் முழுமையான தூதரக உறவு கொள்ளவில்லை. 1974 ஆகஸ்டு 21 அன்று ஜித்தாவில் மன்னர் ஃபைசலும் ஷேக் ஜாயிதும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். புரைமிச் சோலையில் சவூதி தன் கோரிக்கையைக் கைவிட்டது. ஈடாக, கத்தாருக்கும் அபுதாபிக்கும் நடுவே கவ்ர் அல் உதைத் பகுதியில் கடலுக்கு ஒரு வழி பெற்றது. தெற்கே மணற்குன்றுகளுக்கு நடுவே 1968-இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்த ஷைபா எண்ணெய் வயலும் சவூதிக்கே போயிற்று. வயலின் ஒரு பகுதி கோட்டுக்கு வடக்கே அமீரகத்தின் பக்கம் நீண்டாலும், எண்ணெய் முழுவதும் சவூதிக்குச் சொந்தம் என்று உடன்படிக்கையில் எழுதப்பட்டது. அதன் வாசகம் பல ஆண்டுகள் வெளியிடப்படவே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் ஜெனீவாவில் மனாசீர்களின் ஜகாத்தையும் நயீம்களின் ஒப்பங்களையும் வைத்து வாதிட்ட வழக்கில், தீர்வு எழுதப்பட்டபோது எந்தக் கோத்திரமும் மேசையருகே இல்லை.

சோலை இன்று இரண்டு நாடுகளில் கிடக்கிறது. அல் ஐன் உள்ளிட்ட ஆறு ஊர்கள் அமீரகத்தில், புரைமி, ஹமாசா, ஸஅரா மூன்றும் ஓமானில். நான் அந்தப் பக்கம் பணியில் இருந்தபோது ஒருவர் புரைமியில் குடியிருந்து அல் ஐன் கடைக்கு வேலைக்குப் போவதும், திருமணங்கள் இரு பக்கமும் நடப்பதும் சாதாரணம். பிற்பாடு நடுவே கம்பிவேலி எழுந்தது. இப்போது அங்கே போக வர கடவுச்சீட்டு காட்ட வேண்டும்.